இடியன் துவக்கு முதல் இன்சாஸ் வரை: முழுமை பெறாமல் போன ஆயுத வடிவமைப்புகள்

அறுவடை முடிந்த வயல்களுக்குள் யானைக் கூட்டம் இறங்கும் காலத்தில் சம்மாந்துறைப் பக்கத்து விவசாயிகளின் பேச்சில் ஒரு சொல் அடிக்கடி வந்து போகும். அது துவக்கு. தமிழ்நாட்டில் துப்பாக்கி என்பதை நாம் துவக்கு என்கிறோம். சிங்களத்தில் துவக்குவ. மூன்றுக்கும் வேர் ஒன்றே. துருக்கி மொழியில் துஃபெக் என்றும் பாரசீகத்தில் துஃபங் என்றும் வழங்கிய சொல்தான் கடல் வழியாக வந்து நம் நாவில் இப்படித் தேய்ந்து நிற்கிறது.

முப்பது வருட யுத்தத்தைக் கண்ட எமது பிரதேசத்தில் இந்தச் சொல் நல்ல நினைவுகளைக் கொண்டு வருவதில்லை. ஆனாலும் அதற்குப் பின்னால், நாம் அதிகம் பேசாத ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தத் தீவின் கொல்லர்கள் செய்த துவக்குகளை ஐரோப்பியப் பயணிகளே வியந்து எழுதினார்கள். அதே கைத்தொழிலின் கடைசி மிச்சமாக இன்று நாம் காண்பது, காட்டோரத்தில் களவாகச் செய்யப்படும் இடியன் துவக்கும், ஆளையும் மாட்டையும் யானையையும் வேறுபாடின்றிச் சுடும் கட்டுத்துவக்கும்தான்.

நல்ல தொடக்கம் கிடைத்த ஒரு வடிவமைப்பு ஏன் முழு வளர்ச்சியை எட்டாமல் போகிறது? இலங்கைத் துவக்கில் தொடங்கி, இந்தியாவின் இன்சாஸ் றைபிளையும் உலகின் வேறு சில உதாரணங்களையும் பார்த்து இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது.

துவக்கு இலங்கைக்கு வந்த வழி

போர்த்துக்கேயர் 1505 ஆம் ஆண்டு கொழும்புக்கு வந்தபோது பீரங்கியின் முழக்கத்தைக் கேட்டு உள்ளூர் மக்கள் திகைத்துப் போனதாக இராஜாவலிய என்ற சிங்கள வரலாற்று நூல் கூறுகிறது. ஆனால் அந்தத் திகைப்பு நீண்ட காலம் நீடிக்கவில்லை. 1521 இல் கோட்டை இராச்சியம் மூன்றாகப் பிரிந்த பின்னர், சீதாவாக்கையை ஆண்ட மாயாதுன்னை, போர்த்துக்கேயரின் ஆதரவு பெற்ற தன் சகோதரனுக்கு எதிராகக் கள்ளிக்கோட்டை சாமூதிரியின் உதவியை நாடினான். சாமூதிரியின் கடற்படையை நடத்தியவர்கள் மரைக்காயர்கள். துவக்குப் பிடிக்கத் தெரிந்த மலபார் முஸ்லிம் வீரர்கள் அந்தக் கப்பல்களில் இலங்கைக்கு வந்தார்கள். 1538 இல் இராமநாதபுரக் கரையிலுள்ள வேதாளையில் அந்தக் கடற்படை போர்த்துக்கேயரிடம் தோற்றதோடு அந்த உதவி பெருமளவு நின்று போனது. ஆனால் ஆயுதம் பற்றிய அறிவு கரையேறி விட்டது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். போர்த்துக்கேயர் ஆயுதத்தை மட்டும் கொண்டு வரவில்லை. 1510 இல் அவர்கள் கோவாவைக் கைப்பற்றியபோது அங்கே ஏற்கனவே துவக்குச் செய்யும் கொல்லர்கள் இருந்தார்கள். ஐரோப்பிய விசை அமைப்பும் இந்தியக் கொல்லர்களின் குழல் செய்யும் திறமையும் கோவாவில் கலந்தன. அந்தக் கலப்பிலிருந்து பிறந்த திரித்துவக்குதான் இலங்கைக்கும் மலாய்த் தீவுகளுக்கும் பரவியது. 1543 இல் யப்பானின் தனேகசிமா தீவில் இறங்கியதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதாவது இலங்கைத் துவக்கும் யப்பானியத் துவக்கும் உடன்பிறப்புகள். இரண்டும் ஏன் வெவ்வேறு முடிவுகளைக் கண்டன என்பதைப் பின்னர் பார்ப்போம்.

வெள்ளி போல் மின்னிய குழல்

இலங்கைக் கொல்லர்களுக்கு இரும்பு புதிதல்ல. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவப் பகுதியில், மலைச்சரிவின் மேற்கு முகத்தில் வரிசையாக அமைக்கப்பட்டிருந்த பழைய இரும்பு உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் ஆய்வு செய்தார். துருத்தி இல்லாமல் தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தையே பயன்படுத்தி அந்த உலைகள் உயர்ந்த கரிமச் செறிவுள்ள உருக்கைத் தந்தன என்பதை அவர் பரிசோதனை மூலம் நிரூபித்து 1996 இல் நேச்சர் சஞ்சிகையில் வெளியிட்டார். அந்த உலைகளின் காலம் 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை. போர்த்துக்கேயர் வருவதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்பே இங்கே உருக்கைக் கையாளத் தெரிந்த கைகள் இருந்தன.

எனவே புதிய ஆயுதத்தைக் கண்டதும் கொல்லர்கள் அதை விரைவாகக் கற்றுக்கொண்டதில் ஆச்சரியமில்லை. 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன், இலங்கையர் செய்யும் துவக்குக் குழல்கள் எங்கும் காண முடியாத அளவுக்கு அழகானவை, வெள்ளி போல் மின்னுபவை என்ற கருத்தைப் பதிவு செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் இந்தப் பக்கம் வந்த பிரான்சியப் பயணி பிரார் த லவால், தன் நாட்டில் செய்யப்படுவதை விட இவை அழகானவை என்று எழுதினார். 1680களில் கோவாவில் இருந்து இலங்கை வரலாற்றை எழுதிய பாதிரியார் குவேரோஸும், ஆரம்பத்தில் துவக்கே அறியாதிருந்தவர்கள் பின்னர் மிகச் சிறந்த துவக்குகளைச் செய்யப் பழகிவிட்டதை ஒப்புக்கொள்கிறார். இம்மூவரும் இலங்கையரைப் புகழ வேண்டிய தேவை இல்லாதவர்கள்.

இந்தத் துவக்கை நூதனசாலைக் கண்ணாடிக்குள் பார்த்தால் உடனே அடையாளம் காணலாம். குழல் நீளமானது. தோளில் வைக்கும் மரப்பகுதியின் அடி இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். மரத்தில் வெள்ளியும் பித்தளையும் யானைத் தந்தமும் பதிக்கப்பட்டிருக்கும். மிக முக்கியமான அடையாளம், பல துவக்குகளில் விசைப்பொறி இடது பக்கத்தில் இருப்பது. ஐரோப்பியத் துவக்குகளில் அது வலது பக்கத்தில்தான் இருக்கும். சிறியதொரு பீரங்கியை மூன்று கால்களில் நிறுத்தி, ஒருவர் இருவராகத் தூக்கிச் செல்லக்கூடிய கொடித்துவக்கு என்ற வகையும் கண்டிப் படையில் இருந்தது. மலைப்பாதைக்கு ஏற்ற அந்த ஆயுதத்தின் பெயர் இன்றும் சிங்களவர் சிலரின் குடும்பப் பெயராக நிலைத்திருக்கிறது.

எங்கே தேங்கியது?

திரித்துவக்கில் எரிந்துகொண்டிருக்கும் திரியை விசை கீழே இறக்க, சிறு கிண்ணத்தில் உள்ள மருந்து பற்றி, அது குழலுக்குள் இருக்கும் மருந்தைப் பற்ற வைக்கும். மழையில் திரி அணைந்து விடும். இரவில் அதன் நெருப்பும் நாற்றமும் ஆளைக் காட்டிக் கொடுக்கும். இதற்கு மாற்றாகச் சக்கிமுக்கிக் கல் உருக்கில் உரசிப் பொறி எழுப்பும் முறை ஐரோப்பாவில் பரவியது. கண்டிக் கொல்லர்கள் அதையும் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அதன் பின்னர் அவர்களின் துவக்கு அடிப்படையில் மாறவில்லை. அழகு கூடியது, தொழில்நுட்பம் நின்றது. பொறி இடது பக்கத்தில் இருப்பதால், வலது தோளில் வைத்துச் சுடுபவரின் முகத்தை அண்டியே கிண்ணத்து மருந்து பற்றும். இந்தக் குறை கூடத் திருத்தப்படாமல் தொடர்ந்தது.

இதற்கான காரணங்களை ஐந்தாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, வெற்றியே தடையானது. கண்டியின் யுத்த முறை பதுங்கித் தாக்குவது. எதிரியைக் காட்டுக்குள் வர விட்டு, பாதையை மரம் வெட்டி அடைத்து, மேட்டிலிருந்து சுடுவது. 1594 இல் தந்துரையிலும், 1630 இல் ரந்தெனிவெலவிலும், 1638 மார்ச்சில் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகள் இப்படித்தான் அழிந்தன. 1803 இல் பிரித்தானியருக்கும் கண்டியில் அதுவே நடந்தது. இந்த முறைக்கு ஆறுதலாகக் குறி பார்த்துச் சுடும் நீளமான துவக்கு போதும். ஐரோப்பாவில் போல் திறந்த வெளியில் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட வேண்டிய தேவை கண்டிக்கு வரவில்லை. தேவை இல்லாத இடத்தில் மாற்றமும் வரவில்லை.

இரண்டாவது, ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. றொபர்ட் நொக்ஸ் 1660 இல் எமது கிழக்குக் கரையில், மூதூரை அண்டிய கொட்டியாரத்தில் பிடிபட்டு, ஏறத்தாழ 20 வருடங்கள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்தவர். 1681 இல் வெளியான நூலில் கிராமத்துக் கொல்லர் பட்டறையை அவர் வர்ணிக்கிறார். வேலை கொடுப்பவரே இரும்பையும் கரியையும் கொண்டு வர வேண்டும். துருத்தியை ஊதுவதும் பெரிய சம்மட்டியால் அடிப்பதும் கூட அவரின் வேலை. கொல்லர் இரும்பைப் பிடித்து வடிவம் கொடுப்பார். அரசனுக்கு வேண்டியவற்றை, கொட்டல்பத்த என்ற திணைக்களத்தின் கீழ் வரும் கைவினைஞர்கள் இராஜகாரிய முறையில், தாம் அனுபவிக்கும் காணிக்கு ஈடான சேவையாகச் செய்து கொடுத்தார்கள். இந்த அமைப்பு அற்புதமான ஒரு துவக்கைத் தரும். ஒரே அளவான ஆயிரம் துவக்குகளைத் தராது. பிரித்தானிய இராணுவமோ 1720களில் இருந்து பிறவுண் பெஸ் என்ற ஒரே மாதிரித் துவக்கையும் ஒரே அளவு குண்டையும் பயன்படுத்தியது.

மூன்றாவது, கடல் கைவிட்டுப் போனது. வெடிமருந்துக்கு வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் வேண்டும். முதல் இரண்டும் உள்நாட்டில் கிடைத்தன. கந்தகம் கடல் கடந்து வர வேண்டும். 1638 இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து மீட்க உதவிய ஒல்லாந்தர், படிப்படியாகத் துறைமுகங்கள் எல்லாவற்றையும் தமதாக்கிக் கொண்டார்கள். 1766 ஒப்பந்தத்தின் மூலம் தீவைச் சுற்றியுள்ள கரையோரம் முழுவதும் அவர்களின் கையில் போனது. கண்டி நாலு பக்கமும் அடைபட்ட மலைநாடாயிற்று. பொருள் மட்டுமல்ல, வெளியுலகில் என்ன புதிதாக நடக்கிறது என்ற செய்தியும் அதன் பிறகு தடைப்பட்டது.

எமது பிரதேச வரலாற்றோடு இது நேரடியாகத் தொடர்புபட்டது. போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களில் சுமார் 4,000 பேரை 1626 இல் மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். கரைக்கும் மலைக்கும் இடையே தவளம் எனப்படும் பொதிமாட்டு வணிகத்தை நடத்தியவர்களில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். சம்பான்கள் வந்து நின்ற துறை என்பதால் சம்மாந்துறை என்ற பெயர் வந்ததாகச் சொல்லப்படுகிறது. கண்டி இராச்சியம் வெளியுலகைச் சுவாசித்த வழிகளில் கிழக்குத் துறைகளும் அடங்கும். அந்த வழிகள் அடைபட்டது வணிகரை மட்டுமல்ல, மலையில் இருந்த கொல்லரையும் பாதித்தது.

நாலாவது, ஆயுதம் அணிகலனானது. அரச பட்டறைகளான பட்டல் ஹத்தரவின் திறமை சடங்குப் பொருட்களின் பக்கம் திரும்பியது. இதற்குச் சிறந்த சாட்சி லெவ்கே திசாவை 1745 இல் மன்னன் ஸ்ரீ விஜய இராஜசிங்கனுக்குக் காணிக்கையாக்கிய பீரங்கி. வெண்கலத்தில் வார்த்து, பொன்னும் வெள்ளியும் மாணிக்கக் கற்களும் பதித்த அந்தப் பீரங்கி எந்தப் போர்க்களத்திலும் வெற்றி தேடிக் கொடுக்கச் செய்யப்பட்டதல்ல. 1765 இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடியபோது அதைத் தூக்கிச் சென்றார்கள். பின்னர் அது அம்ஸ்டர்டாம் ரைக்ஸ் நூதனசாலையை அடைந்தது. 2023 ஜூலையில் நெதர்லாந்து அரசு அதைத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்து, டிசம்பரில் அது கொழும்பு தேசிய நூதனசாலைக்கு வந்து சேர்ந்தது. அதனுடன் வந்த மற்ற ஐந்து பொருட்களில் இரண்டு பெரிய துவக்குகளும் அடங்கும் என்பது குறிப்பிடத்தக்கது.

ஐந்தாவதும் கடைசியுமானது, ஆதரித்த அரசே இல்லாமல் போனது. 1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1817, 1818 இல் ஊவா வெல்லஸ்ஸவில், அதாவது எமது மாவட்டத்தின் மேற்கு எல்லைக்கு அப்பால், எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டது. மக்களிடமிருந்த ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. துவக்குச் செய்த கொல்லர் மண்வெட்டியும் கத்தியும் அடிக்கப் போனார். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்குச் செய்வதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. 1996 இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது.

யப்பான் ஏன் தப்பியது?

இங்கே உடன்பிறப்பின் கதைக்கு வருவோம். தனேகசிமாவில் இறங்கிய துவக்கை யப்பானியக் கொல்லர்கள் பெருந்தொகையாகச் செய்தார்கள். 1575 இல் நகசினோ யுத்தத்தில் அது தீர்மானமான பங்கு வகித்தது. ஆனால் 1600களில் நாடு அமைதியடைந்த பின்னர் யப்பானியத் துவக்கும் திரித்துவக்காகவே 200 வருடங்களுக்கு மேல் நின்று போனது. தேக்கத்தைப் பொறுத்தவரை கண்டியை விட அது மோசம் என்றே சொல்லலாம்.

வேறுபாடு அதன் பிறகு வந்தது. யப்பான் தன் ஆட்சியை இழக்கவில்லை. கொல்லர் குடும்பங்கள் தொழிலில் இருந்தன. 1868 க்குப் பின் அரசு வெளிநாட்டு அறிவைக் கொண்டு வந்து அந்தத் தொழிலின் மேல் வைத்தது. 1880 இல் முராத்தா என்ற சொந்த றைபிள் யப்பானிய இராணுவத்துக்குக் கிடைத்தது. தேங்கிய கைத்தொழில் மீண்டும் எழலாம் என்பதையும், எழுவதற்குத் தொழிலாளியும் அவரை ஆதரிக்கும் நிறுவனமும் உயிரோடு இருக்க வேண்டும் என்பதையும் இந்த ஒப்பீடு காட்டுகிறது. இலங்கையில் இரண்டும் இல்லாமல் போயின.

மைசூர் ரொக்கெட்டுகளின் கதையும் இதற்கு அண்மையானது. 1780 இல் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இரும்புக் குழாய் ரொக்கெட்டுகளால் ஆங்கிலப் படையைக் கலங்கடித்தார்கள். 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கைப்பற்றப்பட்ட ரொக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. சில ஆண்டுகளுக்குள் வில்லியம் கொங்கிரீவ் அவற்றை முன்மாதிரியாகக் கொண்டு புதிய ரொக்கெட்டுகளை உருவாக்கினார். கண்டுபிடித்தவரின் பெயர் மறைந்து, மேம்படுத்தியவரின் பெயர் நிலைத்தது. 2018 இல் கர்நாடகத்தின் நகரா கோட்டையில் பாழடைந்த கிணறொன்றிலிருந்து ஆயிரம் வரையிலான ரொக்கெட்டுகள் தோண்டி எடுக்கப்பட்டபோதுதான் இந்தக் கதை மீண்டும் செய்திகளில் இடம்பெற்றது.

இன்சாஸ்: அரசு இருந்தும் தவறியது

சுதந்திரம் இருந்தால் போதுமா? அதற்கு விடை பக்கத்து நாட்டிலேயே இருக்கிறது.

1980களில் இந்தியா தனக்கெனச் சொந்தமான சிறு ஆயுதக் குடும்பமொன்றை உருவாக்க முனைந்தது. புனேயிலுள்ள ஆயுத ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்தது. வங்காளத்தின் இஷாப்பூர், உத்தரப் பிரதேசத்தின் கான்பூர், தமிழ்நாட்டின் திருச்சி ஆகிய இடங்களிலுள்ள அரச தொழிற்சாலைகள் உற்பத்தியில் பங்கேற்றன. பெயர் இன்சாஸ், அதாவது இந்தியச் சிறு ஆயுத முறைமை. றைபிள், இலகு இயந்திரத் துவக்கு, குட்டையான காபைன் என மூன்றும் ஒரே பாகங்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது திட்டம். ரவையின் அளவு 5.56 மில்லிமீற்றர்.

எண்ணம் நல்லது. பழைய 7.62 மில்லிமீற்றர் றைபிளை விட உதைப்பு குறைவு. குறி தவறாமல் சுட முடிந்ததாகப் பயன்படுத்திய பலர் சொல்கிறார்கள். தொடர்ச்சியாகச் சுட்டு ரவையை வீணாக்காமல் இருக்க, ஒரு தடவை அழுத்தினால் மூன்று ரவைகள் மட்டும் போகும் முறை அதில் இருந்தது. ஆனால் வேலை இழுபட்டது. றைபிள் கைக்கு வருவதற்கு முன் இடைவெளியை நிரப்ப ஏ.கே. வகைத் துவக்குகளை வெளிநாட்டிலிருந்து வாங்க நேர்ந்தது. 1998 குடியரசு தின அணிவகுப்பில் இன்சாஸ் பகிரங்கமாகக் காட்டப்பட்டது. அடுத்த வருடமே கார்கில் யுத்தம் வந்தது. உயர்ந்த மலையின் கடுங்குளிரில் பிளாஸ்ரிக் ரவைக்கூடுகள் வெடித்தன. பொறி சிக்கியது. சுடுபவரின் முகத்தில் எண்ணெய் தெறிப்பதாக முறைப்பாடுகள் வந்தன.

பெரிய அடி நேபாளத்தில் விழுந்தது. 2005 ஓகஸ்டில் காலிகோட் மாவட்டத்தின் பிலி என்ற இடத்தில் மாவோவாதிகள் நடத்திய தாக்குதலில் 43 இராணுவத்தினர் உயிரிழந்தனர். நீண்ட நேரச் சண்டையில் இன்சாஸ் சூடேறிச் செயலிழந்தது என நேபாள இராணுவம் பகிரங்கமாகக் குறை கூறியது. பராமரிப்பும் பயன்படுத்திய விதமும்தான் பிழை என்பது இந்தியத் தரப்பின் பதில். யார் சொன்னது சரியாக இருந்தாலும், நெருக்கடியில் படைவீரன் நம்ப முடியாத ஆயுதம் என்ற பெயர் அதன் மேல் ஒட்டிக்கொண்டது.

குறைகளில் பலவற்றைப் பின்னர் திருத்தினார்கள். எக்ஸ்காலிபர் என்ற மேம்பட்ட வடிவமும் வந்தது. அதற்குள் இராணுவத்தின் தேவை மாறிவிட்டது. 2011 இல் குழலை மாற்றினால் இரண்டு வகை ரவைகளைச் சுடக்கூடிய துவக்கு வேண்டும் என்று சர்வதேச விலைமனு கோரப்பட்டது. 2015 இல் அது கைவிடப்பட்டது. அதன் பின் பெரிய ரவை வேண்டும் என்று முடிவு மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின் போதும் உள்நாட்டு வடிவமைப்பாளர்களின் முந்தைய உழைப்பு வீணாகியது. இறுதியில் 2019 இல் அமெரிக்காவிடமிருந்து 72,400 சிக் 716 றைபிள்களை வாங்கவும், ரஷ்யாவுடன் சேர்ந்து அமேதிக்கு அருகிலுள்ள கொர்வாவில் ஏ.கே. 203 ஐ உற்பத்தி செய்யவும் இந்தியா தீர்மானித்தது. ஏ.கே. 203 க்கான ஒப்பந்தம் 2021 டிசம்பரில், ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட துவக்குகளுக்காகக் கைச்சாத்தானது.

கண்டித் துவக்கு கடலை இழந்ததால் தேங்கியது. இன்சாஸுக்குக் கடலும் இருந்தது, தொழிற்சாலையும் இருந்தது, பொறியியலாளர்களும் இருந்தார்கள். வடிவமைப்பவருக்கும் தொழிற்சாலைக்கும் களத்தில் நிற்பவருக்கும் இடையில் செய்தி போய் வரும் பாதைதான் அடைபட்டிருந்தது. குளிரில் கூடு வெடிக்கிறது என்ற செய்தி பனிமலையிலிருந்து புனேக்குப் போய், திருத்தமாகத் திரும்பி வர எடுத்த காலத்தில் பெயர் கெட்டுவிட்டது.

உலகின் வேறு மூன்று உதாரணங்கள்

பணமும் தொழில்நுட்பமும் நிறைந்த நாடுகளுக்கும் இது நடந்திருக்கிறது.

1776 இல் பற்றிக் பெர்குசன் என்ற ஸ்கொட்லாந்து அதிகாரி, குழலின் வாய் வழியாக அல்லாமல் பின்பக்கத்தால் மருந்தும் குண்டும் இடும் றைபிளுக்குக் காப்புரிமை பெற்றார். படுத்துக்கொண்டே நிமிடத்துக்கு ஆறு தடவை வரை சுட முடிந்தது. அது அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத வேகம். ஆனால் செய்வது கடினம், செலவும் அதிகம். ஏறத்தாழ 100 மட்டுமே இராணுவத்துக்குச் செய்யப்பட்டன. 1777 செப்ரெம்பரில் அமெரிக்காவின் பிராண்டிவைன் யுத்தத்தில் பெர்குசன் காயமடைந்ததும் அந்தப் படைப்பிரிவே கலைக்கப்பட்டது. 1780 இல் அவர் கொல்லப்பட்டார். ஒரு மனிதரின் ஆர்வத்தை மட்டும் நம்பியிருந்த வடிவமைப்பு அவரோடு போனது.

அதே 1780 இல் ஒஸ்திரியா ஏற்றுக்கொண்ட ஜிராண்டோனி, வெடிமருந்தே இல்லாமல் அழுத்தக் காற்றால் சுடும் துவக்கு. புகையில்லை, 20 குண்டுகளை ஒன்றன் பின் ஒன்றாகச் சுடலாம். ஆனால் காற்றுக் கலனை நிரப்பக் கையால் 1,500 தடவை வரை பம்ப் அடிக்க வேண்டும். கலன் செய்வதும் பழுதுபார்ப்பதும் அக்காலக் கைவினைக்கு எட்டாத நுணுக்கம். 1815 அளவில் அது படையிலிருந்து நீக்கப்பட்டது. வடிவமைப்பு தன் காலத்துப் பட்டறையை முந்திப் போனால் இப்படித்தான் ஆகும்.

மூன்றாவது ஜேர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனத்தின் ஜி 11. ரவைக்கு உலோகக் கோதே இல்லாமல், மருந்துக் கட்டிக்குள் குண்டைப் புதைத்துச் சுடும் முறை. சூட்டில் ரவை தானாக வெடிக்கும் சிக்கலைத் தீர்க்கவே பல வருடங்கள் போயின. அது தீர்ந்து தயாராகும் வேளையில், 1990 இல் இரு ஜேர்மனிகளும் இணைந்தன. எதிரியும் இல்லை, பணமும் இல்லை. திட்டம் நின்றது.

இன்று எம்மிடம் எஞ்சியிருப்பது

இந்தக் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். எந்தத் துவக்கும் வடிவமைப்பின் பிழையால் மட்டும் தோற்கவில்லை. கண்டித் துவக்குக்கு மூலப்பொருளும் அரசும் இல்லாமல் போயின. இன்சாஸுக்குத் திருத்தம் தாமதமானது. பெர்குசனுக்குப் பின்னால் நிறுவனம் இருக்கவில்லை. ஜிராண்டோனிக்குப் பட்டறை போதவில்லை. ஜி 11 க்குக் காலம் ஒத்து வரவில்லை. ஒரு பொருள் முழுமை பெற, செய்பவர், வாங்குபவர், பயன்படுத்துபவர் மூவரும் நீண்ட காலம் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இது ஆயுதத்துக்கு மட்டும் உரிய பாடமல்ல. மருதமுனைக் கைத்தறிக்கும் எமது ஊர்களின் கொல்லர் பட்டறைகளுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது? வாங்குபவர் யார்? புதிய தேவை வந்தால் செய்பவருக்கு அதை யார் சொல்வது? திறமை இருக்கிறது என்ற பெருமை மட்டும் ஒரு கைத்தொழிலைக் காப்பாற்றியதாக வரலாறு இல்லை.

துவக்குச் செய்யும் தொழில் அழிந்ததற்காக எவரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. எமது ஊர்கள் துவக்கால் பட்ட துன்பம் போதும். ஆனால் அந்தத் தொழில் ஒழுங்காக முடிவடையவில்லை, ஒளித்து வாழ்கிறது என்பதுதான் கவலைக்குரியது. குழல் வாயால் மருந்தை இடித்து நிரப்புவதால் இடியன் எனப் பெயர் பெற்ற துவக்கு, தண்ணீர்க் குழாயிலும் பழைய இரும்பிலும் இன்றும் களவாகச் செய்யப்படுகிறது. தரமில்லாத குழல் வெடித்து வைத்திருந்தவரின் கையே போன சம்பவங்கள் உண்டு. விலங்கு நடமாடும் பாதையில் நூல் கட்டி வைக்கப்படும் கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை. விறகு பொறுக்கப் போனவரும், மாடு தேடிப் போனவரும் அதில் காலை இழக்கிறார்கள். யானைகளுக்கு அது தரும் மரணம் பல நாள் நீளும். 2023 ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 400 க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. அதே ஆண்டில் யானைகளால் 150 க்கும் மேற்பட்ட மனிதர்கள் உயிரிழந்தனர். அம்பாறை மாவட்டத்து விவசாயி இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் நிற்கிறார்.

வயலையும் உயிரையும் காக்க அவருக்கு வழி வேண்டும் என்பதில் இரண்டு கருத்தில்லை. முறையாகப் பராமரிக்கப்படும் மின்வேலி, நேரத்துக்கு வரும் வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர், தாமதமில்லாத நட்டஈடு ஆகியவை கிடைத்தால் கட்டுத்துவக்கை நாடும் தேவை குறையும். அவை கிடைக்காத இடத்தில் சட்டம் மட்டும் இருப்பது போதாது.

கொழும்புக்குப் போகும் எமது பாடசாலை மாணவர்களை அடுத்த தடவை தேசிய நூதனசாலைக்கும் அழைத்துச் செல்லலாம். நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்த பீரங்கியின் பொன்னையும் மாணிக்கத்தையும் அவர்கள் பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்கும் ஆசிரியர், அந்தக் குழலைச் செய்தவரின் பேரப்பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்ற கதையையும் சேர்த்துச் சொன்னால், அந்தப் பயணம் வீண் போகாது.